வின்னிபெக்கில் நின்றுபோன சேலை

பார்சலின் மேல் நான் எழுதியது மூன்றே வரி. மகளின் பெயர், அவளுடைய போன் நம்பர், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘கனடா’. எழுதியவன் எழுத்து வாசனை இல்லாத ஆள் அல்ல. ஆரணியில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருஷமாகச் சமூக அறிவியல் நடத்துகிறவன். பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நாடு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பத்து மாகாணங்கள், மூன்று ஆட்சிப்பகுதிகள், தலைநகரம் ஒட்டாவா. புல்வெளிக்கு அங்கே பிரெய்ரி என்று பெயர், மீன்பிடிக்குப் பேர்போன இடம் கிராண்ட் பேங்க். இவ்வளவும் தெரிந்தவன்தான் ஒரு நாட்டின் பெயரைத் தெருப்பெயர் மாதிரி எழுதி ஒட்டி, அடுத்தவர் பெட்டியில் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து காபி குடித்தான்.

ஊரை ஏன் எழுதவில்லை என்றால், எனக்கு ஊர் தெரியாது. பெற்ற மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாத அப்பனாக அப்போது இருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

அவள் நர்சிங் படித்தவள். மேற்கொண்டு படிக்க டொரோண்டோ பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனாள். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அங்கே கூடப் படித்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். அந்த நாட்டுப் பழங்குடி இனத்துப் பையன், எக்ஸ்ரே எடுக்கும் வேலை, நல்ல குணம் என்றாள். அதைக்கூட நான் பொறுமையாகத்தான் கேட்டேன், அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். கல்யாணம் சர்ச்சில் இல்லை, அவன் ஊரில் கடற்கரையோரம் ஒரு ஹாலில் என்றபோதுதான் எனக்குக் கோபம் ஏறியது. என் அப்பா கூலி வேலை செய்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. எங்கள் குடும்பத்துக்கு எழுத்தும் சோறும் மரியாதையும் சபை வழியாக வந்தவை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஆலயத்துக்கு வெளியே தாலி கட்டிக்கொள்வதா?

“அவங்க வீட்டு ஆளுங்க சர்ச்சுக்குள்ள வர மாட்டாங்கப்பா. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கொஞ்சம் கேளுங்களேன்” என்றாள்.

“சர்ச்சுக்குள்ள வராதவன் வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கூப்பிடாத” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பதினோரு மாதம் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவளும் அவனும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனார்கள். என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து மகளோடு பேசுவாள். மணி அடித்ததுமே நான் எழுந்து போய்விடுவேன். கொல்லைப்பக்கம் போய்ப் பைப்பைத் திறந்து மூடுவேன், இல்லையென்றால் தெருவுக்குப் போவேன். எனக்கு இயல்பிலேயே ஒரு இடத்தில் உட்கார வராது, வகுப்பிலும் நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவேன். காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று மனைவி கேலி செய்வாள். அந்தப் பதினோரு மாதத்தில் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. காதில் எதுவும் விழக்கூடாது என்று ஓடியதில் ஊர்ப்பெயரும் விழாமல் போயிற்று.

கல்யாணத் தேதி மட்டும் தெரியும். சமையலறைக் காலண்டரில் ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமையைச் சுற்றி மனைவி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஒரு நாள் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல், தறி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்குப் போய் ஹாஃப் ஒயிட்டில் மெல்லிய ஜரிகைக் கரை போட்ட பட்டுச் சேலை ஒன்று வாங்கினேன். எங்கள் பெண்கள் ஆலயத்தில் கட்டிக்கொண்டு நிற்கும் நிறம் அது. ஆரணிக்காரி பட்டு இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டால் ஊர் சிரிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஊருக்கு அந்தக் கல்யாணமே தெரியாது.

உள்ளே கடிதம் வைக்கவில்லை. நான்கு முறை எழுத உட்கார்ந்தேன், நான்கு முறையும் ‘அன்புள்ள’ என்பதோடு எழுந்துவிட்டேன். சேலை போய்ச் சேர்ந்தால் போதும், அப்பன் மனசு இளகிவிட்டது என்று அவளுக்கே விளங்கும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கிற வேலையைச் சேலையிடம் ஒப்படைத்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியரின் மருமகன் லீவு முடிந்து கனடாவுக்குத் திரும்பப் போவதாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் ஒருவர் எங்கேயாவது கிளம்புகிறார் என்றால் அவர் தனி ஆள் இல்லை, ஒரு லாரி சர்வீஸ். சென்னைக்குப் போகிறவர் கையில் நாலு வீட்டு ஊறுகாய் இருக்கும். ஆள் கிடைக்காவிட்டால் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, நம்பரை மட்டும் சொன்னால் போதும், அந்தப் பக்கம் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். வெளிநாட்டுக்கும் அதே முறைதான். கணக்கு ஆசிரியர் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. கொக்கித் தராசு ஒன்றை மாமியார் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வடகம், கருவாடு, பொடி, குழந்தைக்கு மருந்து என்று ஆளாளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் பார்சலைத் தராசில் மாட்டினார்கள். ஆரணிப் பட்டுக்குப் பேரே எடை குறைவு என்பதுதான், முள் அசைந்ததாகவே தெரியவில்லை. மருமகன் நல்ல பிள்ளை. “அங்க போனதும் ஒரு போன் போடுங்க தம்பி, வந்து வாங்கிக்குவா” என்றேன். “சரிங்க சார்” என்று அதைத் துணிகளுக்கு நடுவில் வைத்தார். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் குட்டு அந்தக் கூடத்திலேயே உடைந்திருக்கும். அதனால்தானோ என்னவோ நான் ஜல்தியாகக் கிளம்பிவிட்டேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்த திங்கட்கிழமை காலை மனைவி டிபன் பாக்ஸை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். கையில் போன் இருந்தது.

“ஏங்க, சேலை குடுத்து அனுப்பினீங்களா?”

தலையாட்டினேன்.

“அவர் இறங்கினது கால்கரியாம். உங்க பொண்ணு இருக்கறது ஹாலிஃபாக்ஸ். எந்த ஊர்னு ஒரு வார்த்த யாரையாச்சும் கேட்டீங்களா?”

“ரெண்டும் கனடாதானே” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சேலைக்கான அழுகை இல்லை என்று எனக்குப் புரிந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன்.

பள்ளியில் வரைபடங்கள் வைத்திருக்கும் பீரோவைத் திறந்து வட அமெரிக்கா படத்தை எடுத்து ஆணியில் மாட்டினேன். கீழே மடிப்பு கிழிந்து ஒட்டுப்போட்ட படம். எத்தனை வருஷம் அதன் மேல் குச்சியை வைத்து இழுத்திருக்கிறேன். கால்கரி மேற்கே, மலைகள் முடிகிற இடத்தில் இருந்தது. ஹாலிஃபாக்ஸ் கிழக்கே, அட்லாண்டிக் கடலுக்குள் கால் நீட்டிய ஒரு தீபகற்பத்தின் விளிம்பில். நடுவில் என் இரண்டு கை அகலம். போனில் சாலைத் தூரத்தைப் பார்த்து நம் கணக்குக்கு மாற்றினேன். ஆரணியிலிருந்து காஷ்மீர் வரை போய், அங்கிருந்து பாதி வழி திரும்பி வந்தால் அவ்வளவு தூரம். ஹாலிஃபாக்ஸில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகும் கால்கரியில் விடிந்திருக்காது, மூன்று மணி நேர வித்தியாசம். வேலூர்க்காரரிடம் கொடுத்து ஆரணியில் சேர்க்கச் சொல்வது போல நான் சேர்க்கச் சொன்ன இடம் இது.

கணக்கு ஆசிரியரின் மருமகன் பேஜாராகி என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திங்கட்கிழமையே அந்தச் சேலையைக் கூரியரில் போட்டு, வெள்ளிக்கிழமை போய்விடும் என்று எழுதி, அது போகும் வழியைப் பார்க்க ஒரு நம்பரையும் மனைவிக்கு அனுப்பியிருந்தார். மனைவி அதை ஒரு வார்த்தை இல்லாமல் எனக்கு அனுப்பினாள். பதினேழோ பதினெட்டோ இலக்கங்கள். இரண்டே நாளில் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு மனிதனாக இல்லை. ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுத் தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன. இரண்டு தாள் திருத்துவேன், போனை எடுத்து நம்பரைப் போடுவேன். கால்கரி, புறப்பட்டது. எழுந்து வராந்தாவின் கடைசி வரை நடப்பேன். திரும்ப வந்து நம்பரைப் போடுவேன். கால்கரி, புறப்பட்டது. வெயில் கல்லைப் பிளந்தது. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிட்டது. ஒரு தாளில் ‘கனடா வடக்கே உள்ள ஒரு குளிர்ந்த ஊர்’ என்று எழுதியிருந்தது. போன வருஷமாக இருந்தால் ஊர் என்பதன் மேல் வட்டம் போட்டு, நாடு என்று திருத்தி, அரை மார்க்கைக் குறைத்திருப்பேன். இந்த முறை முழு மார்க் போட்டேன். அந்த நாட்டின் பெயரே பழங்குடி மொழி ஒன்றில் ஊர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம், வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள் அங்கிருந்தவர்கள் ஒரு சிற்றூரைக் காட்டிச் சொன்னதை நாடு முழுவதற்கும் பெயராக வைத்துவிட்டார்களாம். முந்தின நாள்தான் படித்தேன். இருபத்தாறு வருஷத்தில் அதுவரை அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

சும்மா உட்கார முடியாததால்தான் படித்தேன், அறிவைத் தேடி அல்ல. சேலை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தைப் பற்றிப் படிப்பேன். புதன்கிழமை அது வின்னிபெக் வந்து சேர்ந்தது. இரண்டு ஆறுகள் கூடும் ஊர், ஏறக்குறைய நாட்டின் நடுவில் இருப்பது. கால்கரியிலிருந்து அதுவரை வழி நெடுக பிரெய்ரி. வட அமெரிக்காவில் பிரெய்ரி, ரஷ்யாவில் ஸ்டெப்பி, தென் அமெரிக்காவில் பம்பாஸ் என்று பிள்ளைகளை ராகம் போட்டுச் சொல்ல வைத்திருக்கிறேன். அது ஒரு இடம் என்றே எனக்குத் தோன்றியதில்லை, இரண்டு மார்க் கேள்வி என்றுதான் தோன்றியது. இப்போது அதன் மேல் ஒரு லாரி என் மகளின் கல்யாணச் சேலையோடு ஓடிவந்திருந்தது. அந்த நாடு முழுக்கத் தமிழ்நாட்டு ஜனத்தொகையில் பாதி சொச்சம் பேர்தான், அவர்களும் பெரும்பாலும் தெற்கு எல்லையை ஒட்டி வரிசையாகக் குடியிருக்கிறார்கள். அதற்கு வடக்கே காடு, ஏரி, பிறகு மரமே முளைக்காத பனிநிலம். அவ்வளவு காலி இடத்தில் ஒரு பெண் தனியாக என்ன செய்வாள் என்று நினைத்தேன். அவள் தனியாக இல்லை, நான்தான் அவளோடு இல்லை என்பது அடுத்த நிமிஷமே உறைத்தது.

வியாழக்கிழமை காலை, வின்னிபெக்குக்குக் கீழே ஒரு புது வரி வந்திருந்தது. பனிப்புயல் காரணமாகத் தாமதம். சித்திரை வெயிலில் வியர்த்து ஒழுகிக்கொண்டு அந்த வரியை நான் படித்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கூரியர்காரர்களின் பக்கத்தில் கேள்வி கேட்கும் பெட்டி ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நீளமாக ஒரு கண்டனம் எழுதினேன். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. எனக்குப் பொறுமை இருப்பதாக என் வாழ்க்கையில் சொன்ன ஒரே பேர்வழி அந்த மிஷின்தான்.

சேலை நகராததால் நான் இடத்தை விட்டுக் காலத்துக்குப் போனேன். தோல் வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், அவர்களுக்குள் நடந்த சண்டை, இன்றைக்கும் இரண்டு மொழியில் எழுதப்படும் பெயர்ப் பலகைகள். கடலிலிருந்து கடல் வரை போட்ட ரயில் பாதை, அதில் மலையைக் குடைந்து செத்த சீனத் தொழிலாளிகள். பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த விவசாயிகள், பஞ்சாபிலிருந்து வந்தவர்கள், உயிருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள். ஒவ்வொருவர் பின்னாலும் ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். இவர்கள் எல்லாரும் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் படித்ததாக எனக்கு நினைவில்லை. தேடியபோது பள்ளிக்கூடங்களின் படங்கள் வந்தன.

கருப்பு வெள்ளைப் படங்கள். செங்கல் கட்டடம், வரிசையாகப் பிள்ளைகள், ஒரே மாதிரி வெட்டிய முடி, பின்னால் அங்கி போட்டவர்கள். பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது, சொல்வதற்கு நாக்கூசுகிறது, சந்தோஷம். நானும் அப்படி ஒரு படத்தில் நிற்கிறேன். மிஷன் போர்டிங்கில் ஆறாவது முதல் பத்தாவது வரை வளர்ந்தவன் நான். வெம்பாக்கம் பக்கத்து ஊரிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா பஸ் ஏறி, துண்டில் வேர்க்கடலை முடிந்துகொண்டு வருவார். வார்டன் பிரம்பு வைத்திருந்தார், அடியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் போர்டிங் இல்லையென்றால் நான் இன்றைக்கு யார் வயலிலோ குனிந்துகொண்டிருப்பேன்.

படத்துக்குக் கீழே இருந்ததைப் பிறகுதான் படித்தேன். அரசாங்கமும் சபைகளும் சேர்ந்து நடத்திய விடுதிப் பள்ளிகள். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கையிலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். வீட்டு மொழியில் பேசினால் அடி. அண்ணன் தங்கையைக்கூடப் பேசவிடவில்லை. வருஷக்கணக்கில் வீட்டைப் பார்க்காத பிள்ளைகள், வீட்டுக்குத் திரும்பாமலே போன பிள்ளைகள். பிற்காலத்தில் அரசும் சபைகளும் மன்னிப்புக் கேட்டிருக்கின்றன. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்தேன். என்னைத் தூக்கிவிட்ட அதே கை அங்கே வேறு பிள்ளைகளை என்ன செய்திருக்கிறது என்று நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிட மோசமாக இன்னொன்று மெல்ல மெல்லப் புரிந்தது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கொஞ்சம் கேளுங்களேன் என்று என் மகள் சொன்னாள். நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து, அந்தப் பையன் வீட்டில் யார் அந்தப் பள்ளியில் இருந்தது என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“அவங்க அப்பா. ஆறு வயசுல கொண்டு போனாங்களாம். கூட அக்காவும் போச்சு. அக்கா திரும்பி வரல. பொண்ணு என்கிட்ட எல்லாம் சொல்லிச்சு. அவ பேசிகினு இருக்கும்போதே நீங்கதான் எழுந்து போயிடுவீங்களே.”

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு தடவை ஆரம்பித்தேன், இரண்டு தடவையும் நீங்கள் மோட்டார் போடப் போய்விட்டீர்கள் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தொட்டி நிரம்பி வழிந்த அந்த இரண்டு நாளும் எனக்கு நினைவிருந்தது.

வெள்ளிக்கிழமை கோட்டை மைதானத்தை எத்தனை சுற்று சுற்றினேன் என்று தெரியாது. வின்னிபெக், தாமதம். கேட்டில் நின்று பார்த்தேன், டீக்கடையில் பார்த்தேன், பஸ் ஸ்டாண்டு வரை போய் அங்கும் பார்த்தேன். செய்யார் கம்பெனி பஸ் ஒன்று ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அந்தப் பக்கத்தில் எனக்கு எந்த வேலையும் இல்லை. சேலை வெள்ளிக்கிழமை போகாது என்று தெரிந்தது. சனிக்கிழமை காலைக்குள் போய்விடாதா என்று ஒரு நப்பாசை. ஜெபமும் செய்தேன். அதில்கூட வின்னிபெக் என்ற பெயரைத்தான் அதிக தடவை சொன்னேன்.

சனிக்கிழமை மதியமும் சேலை அங்கேயேதான் இருந்தது.

அவர்கள் நேரம் காலை பதினொன்றுக்குக் கல்யாணம், நமக்கு ராத்திரி ஏழரை. மனைவி நான்கு மணிக்கே குளித்து, பட்டுக் கட்டி, மேசை மேல் விரிப்பை மாற்றி, சர்க்கரை டப்பாவைத் துடைத்து வைத்தாள். என்னை அவள் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இனி சேலை போகாது. நான் சொல்ல வேண்டியதை மடித்துக் கட்டி அனுப்பினேன், அது ஏதோ ஒரு கிடங்கில் பனிக்கு நடுவில் கிடக்கிறது. பேச வேண்டியவன் இங்கே காலும் வாயும் நன்றாக இருக்க நிற்கிறான். எனக்குப் பயமாக இருந்தது. அவள் போனை எடுக்காமல் விட்டால் என்ன செய்வது என்ற பயம். பதினோரு மாதம் அவளும் இதே பயத்தோடுதானே இருந்திருப்பாள் என்று தோன்றியதும் சட்டையை மாற்றிக்கொண்டு, மனைவியின் போனை அல்ல, என் போனை எடுத்தேன். மணி ஆறு.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். வீடியோவில் யாரோ அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். பச்சைக் கரை போட்ட ஹாஃப் ஒயிட் பட்டு கட்டியிருந்தாள். அந்தக் கரையை எனக்குத் தெரியும். என் கல்யாணத்தன்று என் பக்கத்தில் நின்ற சேலை அது. பீரோவிலிருந்து அது எப்போது போனது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்தாள். முதலில் பேசியது அவள்தான்.

“அப்பா, உங்க சேல இன்னும் வரலப்பா.”

“தெரியும். வின்னிபெக்ல நிக்குது. பனிப்புயல்.”

“வின்னிபெக் எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“ரெண்டு ஆறு சேர்ற இடம். மனிடோபா மாகாணம். அங்கருந்து ஒண்டாரியோ, கியூபெக் தாண்டி, நியூ பிரன்ஸ்விக் வழியா வரணும்.” குரல் நடுங்கியதால் வகுப்பில் சொல்வது போலச் சொல்ல வேண்டியிருந்தது. “வந்தா நோவா ஸ்கோஷியா. ஹாலிஃபாக்ஸ். அங்கதான் என் பொண்ணு இருக்கா.”

தலை வாரிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் அழுதாள், நானும் அழுதேன். நான் கேட்டிருக்கணும்மா, கேக்காம போனது தப்பு என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் ஒரு சேலை, இரண்டு பெட்டி, ஒரு பனிப்புயல் எல்லாம் தேவைப்பட்டது. சேலை வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு படம் அனுப்புவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்து, பழகி வைத்திருந்த வணக்கத்தைச் சொன்னான். பின்னால் ஜன்னலோரம் நரைத்த சடை போட்ட ஒருவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாப்பிள்ளையின் அப்பா என்றாள்.

அவரிடம் ஏதாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் போர்டிங்கில் வளர்ந்தவன் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். அது வேறப்பா என்று தயங்கினாள். வேறுதான், தெரியும், ஆனாலும் சொல் என்றேன். அவர்கள் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. அவர் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெதுவாக ஏதோ கேட்டார்.

“லீவுக்கு உங்கள வீட்டுக்கு அனுப்பினாங்களான்னு கேக்கறார்பா.”

“ஒவ்வொரு லீவுக்கும்னு சொல்லு. எங்க அப்பா மாசா மாசம் வந்து பாப்பார்னும் சொல்லு.”

அதைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முகத்தில் கோபம் இல்லை, பொறாமையும் இல்லை. யாரோ ஒரு பிள்ளையாவது வீட்டுக்குப் போயிற்றே என்று ஆறுதல் பட்டவர் மாதிரி இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை, எழுந்து கொல்லைக்குப் போய்விடலாம் என்று கால் துடித்தது. அதற்குள் அவர் இன்னொன்று சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“வந்து உக்காருங்கன்றார். ஹால்ல முன்வரிசைல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்குப்பா. ஹாலைப் பேசினப்பவே அவர் சொல்லிட்டார், பொண்ணோட அப்பா நாற்காலி காலியாவே இருந்தாலும் இருக்கட்டும், எடுக்கக்கூடாதுன்னு.”

ஏழரைக்கு என்னை அந்த நாற்காலியில் வைத்தார்கள். போனைச் சாய்த்து நிறுத்த முதுகுக்கு ஒரு பையை வைத்தார்கள். ஆட்களின் முழங்கால்களும், அவற்றுக்கு நடுவே மகளின் பச்சைக் கரையும், ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கடலும் தெரிந்தன. என் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். இங்கே என் மனைவி நாற்காலியை இழுத்து என்னை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. பாதி வார்த்தைகள் புரியவில்லை. கடைசிவரை நான் எழுந்து போகவில்லை.